கொட்டகையில் கூடிய கணினிக் கழகம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவோர் பலர். அதனைப் பிரித்துப் பார்த்து, அது எவ்வாறு இயங்குகிறது என அறிய விழைவோர் சிலர். அச்சிலர் தாம் கற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் ஓரிடத்தில் கூடித் தாம் செய்த கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தனர். கணினி ஆய்வுக்கூடத்தை விட்டு வீட்டுக்குள் நுழைந்த வரலாற்றில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கையில் ஈயப்பற்றுக் கோலும் மனத்தில் வினாக்களுமாகக் கூடிய அந்த ஆர்வலர்களின் கதையை இப்பாடம் கூறுகிறது.

எட்டாத உயரத்தில் இருந்த எந்திரம்

இன்று கணினி இல்லாத அலுவலகம் இல்லை. கைப்பேசி வடிவில் அது நம் சட்டைப்பைக்குள்ளும் இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. கணினிகள் அரசுத் துறைகள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் குளிரூட்டப்பட்ட அறைகளில் இருந்தன. அவற்றைத் தொட்டு இயக்கும் உரிமை பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கு மட்டுமே இருந்தது. ‘சிறுகணினி’ எனப் பெயர் பெற்ற பிடிபி–8 என்னும் எந்திரம் 1965ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 18,000 டாலர். தனிமனிதர் ஒருவர் தம் வீட்டில் கணினி வைத்துக்கொள்வது என்பது அக்காலத்தில் நடவாத செயலாகவே கருதப்பட்டது.

இந்த நிலையை மாற்றிய கருவி நுண்செயலி ஆகும். ஒரு கணினியின் கணக்கிடும் பகுதி முழுவதையும் விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் சில்லுக்குள் அடக்கிவிடலாம் என்பதை 1971ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் 4004 மெய்ப்பித்தது. அதன் வழித்தோன்றலான இன்டெல் 8080 என்னும் நுண்செயலி 1974இல் வந்தது. கணினியின் ‘மூளை’ கடையில் விற்கும் ஓர் உதிரிப்பொருளாக மாறிவிட்டது. அதனைச் சுற்றி உடலை அமைப்பது எப்படி என்னும் வினா மட்டுமே எஞ்சியிருந்தது.

பெட்டியில் வந்த கணினி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஆல்புகர்க்கி நகரில் எம்.ஐ.டி.எஸ். என்னும் சிறு நிறுவனம் இருந்தது. எட் ராபர்ட்ஸ் என்பார் அதனை நடத்தி வந்தார். அந்நிறுவனம் உருவாக்கிய ‘ஆல்ட்டேர் 8800’ என்னும் கணினியின் படம் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் 1975 சனவரி அட்டையை அணி செய்தது. உதிரிப்பாகங்களாக வாங்கினால் அதன் விலை 397 டாலர். இன்டெல் 8080 நுண்செயலி ஒன்றின் பட்டியல் விலை மட்டுமே 360 டாலராக இருந்த காலம் அது. எனவே, அறிவிப்பைக் கண்ட ஆர்வலர்கள் வியப்படைந்தனர். பணத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தனர்.

பல வாரங்கள் கழித்து வந்த பெட்டியில் கணினி இல்லை. கணினியாகக்கூடிய பொருள்கள் இருந்தன. சில்லுகள், மின்தடையங்கள், மின்தேக்கிகள், வெற்று மின்சுற்றுப் பலகைகள், உலோகப் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்தி, நூற்றுக்கணக்கான இடங்களில் ஈயம் பற்றவைக்க வேண்டும். ஓரிடத்தில் பற்று சரியாக அமையாவிடினும் எந்திரம் இயங்காது. பிழை எங்கே உள்ளது எனத் தேடுவதில் பல இரவுகள் கழியும்.

அவ்வாறு முயன்று முடித்த கணினிக்கு விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. முகப்பில் சிறு சொடுக்கிகளும் சிவப்பு விளக்குகளும் மட்டுமே இருந்தன. எட்டுச் சொடுக்கிகளை மேலும் கீழுமாக அமைத்தால் ஒரு பைட்டு. அதனை நினைவகத்தில் சேர்க்க மற்றொரு சொடுக்கி. ஒரு சிறு நிரலை உள்ளிடவே நூற்றுக்கணக்கான முறை விரல்களை அசைக்க வேண்டும். விடையை விளக்குகளின் ஒளியைக் கொண்டு படித்தறிய வேண்டும். மின்சாரம் நின்றால் உள்ளிட்டவை அனைத்தும் அழிந்துவிடும்.

அதன் நினைவகமோ வெறும் 256 பைட்டு. இன்றைய ஒருங்குறி முறையில் திருக்குறளை எழுதிச் சேமித்தால் ஓரிரு குறட்பாக்களுக்கு மேல் அதில் இடமில்லை. 8 ஜிபி நினைவகம் கொண்ட இன்றைய கணினி, அதனைப் போல மூன்று கோடியே முப்பத்தைந்து இலட்சம் மடங்குக்கும் மேலான கொள்ளளவு உடையது.

இத்தகைய எந்திரத்தால் என்ன பயன் என்று எவரும் வினவலாம். அதனை வாங்கியவர்கள் பயனை எண்ணி வாங்கவில்லை. கணினி ஒன்று தமக்கே உரியதாக, தம் கையாலேயே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்னும் வேட்கையே அவர்களை இயக்கியது. எனினும், தனியே உட்கார்ந்து பாடுபட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு குறை இருந்தது. தாம் செய்ததைக் காட்டவும் செய்ய இயலாததைக் கேட்கவும் அருகில் எவரும் இல்லை.

ஒரு மழைநாள் மாலை

அக்குறையைப் போக்க எண்ணியவர்கள் ஃபிரெட் மூர், கார்டன் ஃபிரெஞ்சு ஆகிய இருவர். சொந்தமாகக் கணினி செய்பவர்களோ, செய்ய விரும்புபவர்களோ எவராயினும் வரலாம் என அவர்கள் அழைப்பு விடுத்தனர். 1975 மார்ச்சு 5ஆம் நாள், கலிபோர்னியா மாநிலம் மென்லோ பார்க் ஊரில் கார்டன் ஃபிரெஞ்சின் வீட்டு மகிழுந்துக் கொட்டகையில் கூட்டம் நடந்தது. அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அதனைப் பொருட்படுத்தாமல் 32 பேர் வந்தனர். அவர்களுள் அறுவர் முன்னரே ஏதேனும் ஒரு வகையில் சொந்தக் கணினி செய்து முடித்தவர்கள்.

கூட்டத்தின் நடுவே ஓர் ஆல்ட்டேர் வைக்கப்பட்டிருந்தது. ஆல்ட்டேர் எப்போது வந்து சேரும் என்னும் கவலையால் எம்.ஐ.டி.எஸ். நிறுவனத்துக்கு நேரிலேயே சென்று பார்த்து வந்த ஸ்டீவ் டாம்பியர், தாம் கண்டதைக் கூறினார். வீட்டில் கணினி இருந்தால் எதற்குப் பயன்படும் என்னும் வினா எழுந்தது. எழுத்துகளைத் திருத்தி அமைத்தல், வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துதல், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுதல், விளையாட்டு, இசை, கல்வி, சிறு எந்திர மனிதர்களை இயக்குதல் என விடைகள் வந்தன. அன்று கற்பனையாகக் கூறப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இன்று நம் அன்றாட வாழ்வில் கலந்துவிட்டன.

கூட்டம் கலையும் வேளையில் ஒருவர் இன்டெல் 8008 சில்லு ஒன்றைக் கையில் உயர்த்திக் காட்டி, இது யாருக்கு வேண்டும் எனக் கேட்டு, விரும்பியவருக்கு அப்போதே கொடுத்துவிட்டார். விலை உயர்ந்த பொருளை அறிமுகமில்லாதவருக்கு வழங்கிய அச்செயல், அக்கழகம் பின்னர் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு முன்னறிவிப்பாக அமைந்தது. ‘ஹோம்புரூ கணினிக் கழகம்’ என்பது அதன் பெயராயிற்று. ‘வீட்டிலேயே ஆக்கியது’ என்பது அச்சொல்லின் பொருள்.

இசை பாடிய பெட்டி

அடுத்த மாதம் நடந்த கூட்டத்திற்கு டாம்பியர் தம் ஆல்ட்டேரை எடுத்து வந்தார். சொடுக்கிகளைப் பொறுமையாக ஒவ்வொன்றாக இயக்கி நிரலை உள்ளிட்டார். இடையில் மின் இணைப்பு அறுந்தது. உள்ளிட்டவை அனைத்தும் அழிந்தன. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். முடிந்ததும், அருகில் வைத்திருந்த சிறு வானொலிப் பெட்டியிலிருந்து பீட்டில்ஸ் குழுவினரின் பாடல் ஒன்றின் மெட்டு ஒலித்தது.

ஆல்ட்டேரில் ஒலிபெருக்கி இல்லை. ஒலியை வெளிப்படுத்தும் மின்சுற்று எதுவும் இல்லை. பின் இசை எங்கிருந்து வந்தது? மின்னோட்டம் விரைந்து மாறும்போது மின்காந்த அலைகள் வெளிப்படும். அருகிலுள்ள வானொலி அதனை இரைச்சலாக வாங்கி ஒலிக்கும். தம் கணினிக்கு அருகில் தற்செயலாக இருந்த வானொலி இரைவதை டாம்பியர் முன்னர்க் கவனித்திருந்தார். நிரலில் ஒரே கட்டளைத் தொகுதியைத் திரும்பத் திரும்ப இயக்கும் கால இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் இரைச்சலின் சுருதி மாறுவதையும் கண்டறிந்தார். பிறர் குறையாகக் கருதி ஒதுக்கும் இரைச்சலை அவர் இசையாக்கினார்.

கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர். அந்த எந்திரத்தால் என்ன பயன் என்று அதுவரை உறுதியாகக் கூற இயலாதிருந்தவர்களுக்கு, அதனைக் கொண்டு எதிர்பாராத ஒன்றைச் செய்ய இயலும் என்னும் நம்பிக்கையை அம்மாலைப் பொழுது அளித்தது.

ஒப்பிடும் முறை

உறுப்பினர் எண்ணிக்கை பெருகவே, கூட்டம் கொட்டகையை விட்டுப் பிற இடங்களுக்கு மாறியது. பின்னர் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்கில் நிலைபெற்றது. பொறியாளர் லீ ஃபெல்சன்ஸ்டீன் கூட்டங்களை நெறிப்படுத்தினார். அவர் வகுத்த முறை எளியது. முதற்பகுதியில் ஒவ்வொருவரும் எழுந்து, தம்மிடம் உள்ளது என்ன, தமக்குத் தேவைப்படுவது என்ன, தாம் கண்டறிந்தது என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறுவர். இரண்டாம் பகுதியில் இருக்கைகளை விட்டு எழுந்து, தமக்கு வேண்டியவரைத் தேடிச் சென்று உரையாடுவர். தம் கணினி இயங்காத காரணத்தை ஒருவர் கூற, அதே இடரைக் கடந்து வந்த மற்றொருவர் வழி சொல்வார்.

ஆல்ட்டேரின் உள்ளமைப்பு இத்தகைய ஒப்பீட்டுக்கு இடம் தந்தது. கூடுதல் பலகைகளைச் செருகுவதற்கு 100 முனைகள் கொண்ட இணைப்புப் பாட்டை அதில் இருந்தது. அந்நிறுவனத்தின் நினைவகப் பலகைகள் சரிவர இயங்காதபோது, பெர்க்லியில் இருந்த ஆர்வலர்கள் தாமே நினைவகப் பலகை செய்து விற்கத் தொடங்கினர். பிறரும் தொடர்ந்தனர். ஒருவர் செய்த பலகை மற்றொருவர் கணினியில் பொருந்தியது. ‘எஸ்–100’ எனப் பெயர் பெற்ற அந்த இணைப்பு முறை, பின்னர் முறையான தரநிலையாகவே ஏற்கப்பட்டது.

எந்த நுண்செயலி சிறந்தது என்னும் வாதமும் கழகத்தில் ஓயாமல் நடந்தது. இன்டெல் 8080க்கு எதிராக, 1975 செப்டம்பரில் மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் 6502 வந்தது. அதன் விலை 25 டாலர் மட்டுமே. எண்களை மட்டும் பார்த்தால் 8080 விரைவானது. அதன் கடிகாரம் நொடிக்கு 20 இலட்சம் முறை துடித்தது. 6502இன் கடிகாரம் 10 இலட்சம் முறையே துடித்தது. ஆனால், 8080இன் மிக எளிய கட்டளைக்கு நான்கு துடிப்புகள் தேவை. 6502க்கு இரண்டு போதும். ஆகவே எளிய கட்டளையை முடிக்க இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றே. மேலும், 8080 இயங்க மூன்று வகை மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன. 6502க்கு 5 வோல்ட் மட்டும் போதுமானது. அதனால் மின்வழங்கியின் செலவும் குறைந்தது.

பெரிய எண் எப்போதும் பெரிய திறனைக் குறிப்பதில்லை. ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்பிடும்போது எதனை அளக்கிறோம், எதற்காக அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விளம்பரத் தாளில் கிடைக்காத இப்பாடம், இரு கணினிகளை அருகருகே வைத்து இயக்கிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது.

பேசத் தயங்கிய பொறியாளர்

மழை பெய்த அந்த முதல் கூட்டத்தில் ஓர் இளைஞர் ஒதுங்கி அமர்ந்திருந்தார். ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் கணிப்பான்களை வடிவமைத்து வந்த அவர் பெயர் ஸ்டீவ் வோஸ்னியாக். நண்பர் அழைத்ததால் வந்த அவருக்கு, ஆல்ட்டேரைப் பற்றி அங்கிருந்தோர் பேசியவை புதியனவாக இருந்தன. தாம் பின்தங்கிவிட்டோமோ என்னும் கூச்சம் அவரைப் பற்றியது. எனினும், அங்கு வழங்கப்பட்ட நுண்செயலி விவரத்தாள் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்தார். பள்ளி நாள்களில் தாம் பொழுதுபோக்காகத் தாளில் வரைந்து பழகிய சிறுகணினிகளின் அமைப்பே அச்சில்லுக்குள் இருப்பதை உணர்ந்தார். தமக்குத் தெரியாது என எண்ணியது தமக்கு நன்கு தெரிந்ததே என்பது அன்றிரவு அவருக்குப் புலப்பட்டது.

வோஸ்னியாக்கிடம் பணம் மிகுதியாக இல்லை. ஆகவே, விலை குறைந்த 6502ஐத் தேர்ந்தெடுத்தார். சொடுக்கிகளுக்கும் விளக்குகளுக்கும் மாற்றாக விசைப்பலகையையும் தொலைக்காட்சித் திரையையும் இணைத்தார். தட்டிய எழுத்து திரையில் தோன்றியது. இன்று நமக்கு இயல்பாகத் தோன்றும் இவ்வமைப்பு, அன்றைய வீட்டுக் கணினிகளுக்குப் புதுமை.

பலர்முன் எழுந்து பேசக் கூச்சப்படும் இயல்புடைய அவர், தம் கணினியைக் கூட்டங்களுக்கு எடுத்துச் சென்று மேசைமேல் வைத்தார். கூட்டம் முடிந்ததும் ஆர்வலர்கள் அதனைச் சூழ்ந்துகொண்டனர். அவர் தம் மின்சுற்று வரைபடங்களைப் படியெடுத்து விலையின்றி வழங்கினார். சிலருக்கு உடனிருந்து செய்தும் கொடுத்தார். பின்னர் அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ், அதனைப் பலகையாகச் செய்து விற்கலாம் என்றார். 1976 ஏப்ரல் 1ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் தோன்றியது. அக்கணினி ‘ஆப்பிள்–1’ என்னும் பெயரில், 666.66 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது.

தெரிந்து தெளிவோம்

ஹோம்புரூ கழகக் கூட்டங்களில் நுண்கணினிகள் குறித்துத் தாம் எழுதிய நூலை விற்றவர் ஆடம் ஆஸ்போர்ன். 1939இல் பாங்காக்கில் பிறந்த இவர், இளமையைத் தமிழகத்தில் கழித்தவர். இரமண மகரிசியைப் பற்றி நூல்கள் எழுதிய ஆர்தர் ஆஸ்போர்ன் இவருடைய தந்தை. குடும்பம் திருவண்ணாமலையில் வாழ்ந்தது. கழகத்தில் அறிமுகமான லீ ஃபெல்சன்ஸ்டீனைக் கொண்டு ஆடம் உருவாக்கிய ‘ஆஸ்போர்ன்–1’ என்னும் கணினி 1981இல் வெளிவந்தது. கையில் தூக்கிச் செல்லத்தக்கதாக விற்பனையில் வெற்றி கண்ட முதல் கணினி என அது போற்றப்படுகிறது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரையின் அளவு 5 அங்குலம். தம் இறுதிக் காலத்தில் தமிழகம் திரும்பிய ஆடம் ஆஸ்போர்ன், 2003இல் கொடைக்கானலில் மறைந்தார்.

ஒரு மடல் எழுப்பிய வினா

பகிர்தலைப் பண்பாகக் கொண்ட கழகத்திற்கு ஒரு சோதனையும் வந்தது. ஆல்ட்டேர் கணினிக்காகப் பில் கேட்ஸும் பால் ஆலனும் ‘பேசிக்’ என்னும் நிரல்மொழியை உருவாக்கியிருந்தனர். அது துளையிட்ட தாள் நாடாவில் விற்கப்பட்டது. தனியே வாங்கினால் விலை 500 டாலர், எம்.ஐ.டி.எஸ். நிறுவனத்தின் நினைவகப் பலகை முதலியவற்றோடு சேர்த்து வாங்கினால் விலை மிகக் குறைவு. கண்காட்சி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு நாடா கழக உறுப்பினர் ஒருவர் கைக்கு வந்தது. அவர் அதனைப் பல படிகள் எடுத்துக் கூட்டத்தில் வழங்கினார். ஒன்றை எடுத்துச் செல்வோர் அடுத்த கூட்டத்திற்கு இரண்டு படிகள் கொண்டுவர வேண்டும் என்பது அங்கு வைக்கப்பட்ட நிபந்தனை.

1976 பிப்ரவரி 3ஆம் நாளிட்டு, கணினி ஆர்வலர்களுக்குப் பில் கேட்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. பேசிக்கைப் பயன்படுத்துவோருள் பெரும்பாலோர் அதனை விலைகொடுத்து வாங்கவில்லை. ஆல்ட்டேர் உரிமையாளர்களுள் வாங்கியோர் பத்து விழுக்காட்டிற்கும் குறைவு. கிடைத்த வருவாயைக் கணக்கிட்டால் தம் உழைப்பின் மதிப்பு மணிக்கு இரண்டு டாலர்கூட இல்லை என அவர் முறையிட்டார். உழைப்பிற்கு ஊதியம் இல்லையெனில் நல்ல மென்பொருளை யார் எழுதுவார் என்பதே அவர் வினவிய வினா. ஹோம்புரூ செய்திமடலிலும் அம்மடல் வெளிவந்தது.

ஆர்வலர்களுள் பலர் சினந்தனர். வன்பொருள் வரைபடங்களைத் தாம் தாராளமாகப் பகிரும்போது மென்பொருளுக்கு மட்டும் வேலி எதற்கு என்று கேட்டனர். இருதரப்பிலும் பொருள் இருந்தது. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் கருத வேண்டும். வோஸ்னியாக் வழங்கியது அவரே வரைந்தது. நாடாவைப் படியெடுத்தவர்கள் வழங்கியது பிறர் உழைப்பில் விளைந்தது. தன் பொருளைக் கொடுப்பது ஒப்புரவு. உரியவர் இசைவின்றிப் பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பதை அப்பெயரால் அழைக்க இயலாது.

நேரிய வழிகளும் இருந்தன. பிறர் எழுதியதைப் படியெடுப்பதை விடுத்து, ‘டைனி பேசிக்’ என்னும் சிறிய நிரல்மொழியைத் தாமே எழுதி அதன் நிரல்வரிகளை இதழ்களில் வெளியிட்டவர்கள் உண்டு. டாம் பிட்மேன் என்பவர் தாம் எழுதிய டைனி பேசிக்கை 5 டாலருக்கு விற்றார். படியெடுக்கும் தொல்லையைவிட வாங்குவதே எளிது என எண்ணத்தக்க விலை அது. உரிமையுடன் விற்கும் மென்பொருள், கட்டற்றுப் பகிரும் மென்பொருள் எனும் இரு நெறிகள் இன்றும் அருகருகே தொடர்கின்றன.

திறந்து வைத்த கதவு

1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சிக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அங்கு அறிமுகமான ‘ஆப்பிள்–2’ கணினியில், கூடுதல் பலகைகளைச் செருகுவதற்கு எட்டு இடங்கள் இருந்தன. இரண்டு போதும் என்னும் கருத்தை ஏற்காமல், எட்டு வேண்டும் என வோஸ்னியாக் உறுதியாக நின்றார். பிறர் தம் கணினியில் எதனைச் சேர்ப்பார்கள் என முன்கூட்டியே அறிய இயலாது என்பதைக் கழகத்தில் அவர் கண்டிருந்தார். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியிலும் ஐந்து செருகிடங்கள் இருந்தன. அதன் மின்சுற்று வரைபடங்கள் அச்சு நூலாகவே கிடைத்தன. அதனால் பல நிறுவனங்கள் அதனோடு பொருந்தும் உறுப்புகளைச் செய்தன. வெவ்வேறு நிறுவனங்களின் தாய்ப்பலகை, நுண்செயலி, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றை வாங்கி வீட்டிலேயே கணினி அமைக்க இன்று இயல்வதற்கு அந்தத் திறந்த அமைப்பு வழிவகுத்தது.

ஹோம்புரூ கழகம் 1986இல் நிறைவுற்றது. உறுப்பினர்கள் பலர் சொந்த நிறுவனங்களைத் தொடங்கிவிட்டனர். வணிகம் வளர்ந்தபின், செய்துகொண்டிருப்பதை அனைவர்முன்னும் கூறுவது கடினமாயிற்று. பகிர்தலால் வளர்ந்த துறை, வளர்ச்சியாலேயே பகிர்தலை ஓரளவு இழந்தது என்பது எண்ணத்தக்கது.

நம் மேசையின்மேல்

இன்று கணினி அமைப்போர் ஈயம் பற்றவைப்பதில்லை. உறுப்புகளைப் பொருத்தித் திருகினால் போதும். ஒப்பிடும் ஆர்வம் மட்டும் குறையவில்லை. எவருடைய நுண்செயலி விரைவானது, எவருடைய பெட்டி வெப்பமடையாதது என்னும் உரையாடல் தொடர்கிறது. அவ்வுரையாடல் விலையைக் காட்டிப் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிட்டால் பயனில்லை. விலை உயர்ந்த நுண்செயலியோடு குறைந்த நினைவகத்தைச் சேர்த்தால் அக்கணினி தயங்கியே இயங்கும். பழைய கணினியின் சுழல்வட்டை நீக்கித் திண்மநிலை நினைவகம் பொருத்தினால் குறைந்த செலவில் அது புத்துயிர் பெறும். உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்துமா, செய்ய வேண்டிய பணிக்கு எவ்வளவு திறன் போதும் என்பவையே அறிவுடைய ஒப்பீடு.

கழகத்தில் கூடியவர்கள் செய்தவை குறைபாடுடைய எந்திரங்கள். அவற்றை மறைக்காமல் மேசைமேல் வைத்தனர். ஒருவர் பிழை மற்றவருக்குப் பாடமாயிற்று. ஒருவர் வரைபடம் மற்றவர் வீட்டில் கணினியாயிற்று. பேசக் கூசிய இளைஞர் ஒருவர் தம் படைப்பைப் பிறர்முன் வைக்கத் துணிந்தார். மாணவர்களே, உங்களிடமும் முடிவுறாத முயற்சி ஏதேனும் இருக்கும். அது முழுமை பெறட்டும் எனக் காத்திராமல் நண்பர்கள்முன் வையுங்கள். அவர்கள் முயற்சியையும் கேட்டறியுங்கள். அறிவு வளர்வதற்கு அதனினும் எளிய வழி இல்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள கணினி ஒன்றின் நுண்செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றின் விவரங்களைக் கேட்டறிந்து, ஆல்ட்டேர் 8800 கணினியோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

2. ‘மென்பொருளுக்கு விலை வேண்டும்’, ‘மென்பொருள் பொதுவுடைமையாக வேண்டும்’ என இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரில் கணினி அல்லது கைப்பேசி பழுதுநீக்கும் ஒருவரை நேர்கண்டு, அவர் தொழிலைக் கற்ற முறை குறித்து ஒருபக்க அளவில் எழுதுக.

கலைச்சொற்கள்

மைக்ரோபிராசசர் – நுண்செயலி
சிப் – சில்லு
சர்க்யூட் போர்டு – மின்சுற்றுப் பலகை
மதர்போர்டு – தாய்ப்பலகை
பஸ் – பாட்டை
கீபோர்டு – விசைப்பலகை
ஹார்டுவேர் – வன்பொருள்
சாஃப்ட்வேர் – மென்பொருள்
பவர் சப்ளை – மின்வழங்கி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஆல்ட்டேர் 8800 கணினியின் தொடக்க நினைவக அளவு
அ) 64 பைட்டு ஆ) 256 பைட்டு இ) 4,096 பைட்டு ஈ) 8 ஜிபி

2. கூற்று: 6502 நுண்செயலியின் கடிகாரத் துடிப்பு 8080ஐவிடக் குறைவு.
காரணம்: ஆகவே, எளிய கட்டளையை முடிக்க 6502க்கு இருமடங்கு நேரம் ஆகும்.
அ) கூற்றும் காரணமும் சரி ஆ) கூற்று சரி, காரணம் தவறு
இ) கூற்று தவறு, காரணம் சரி ஈ) இரண்டும் தவறு

குறுவினா

1. ஹோம்புரூ – பொருள் தருக.
2. ஆல்ட்டேர் கணினியில் நிரல் உள்ளிடப்பட்ட முறை யாது?
3. ஆப்பிள்–2 கணினியில் எட்டுச் செருகிடங்கள் அமைந்ததன் காரணத்தைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. ஒலிபெருக்கி இல்லாத கணினியில் டாம்பியர் இசை எழுப்பியது எவ்வாறு?
2. ஆடம் ஆஸ்போர்னுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. வோஸ்னியாக் வரைபடங்களை வழங்கியதற்கும் தாள் நாடாவைப் படியெடுத்து வழங்கியதற்கும் உள்ள வேறுபாடு யாது?

நெடுவினா

1. ‘ஒப்பிடுதல் போட்டியாகவும் அமையலாம்; கற்றலாகவும் அமையலாம்’ – ஹோம்புரூ கணினிக் கழகத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.
2. கணினி, நிறுவனங்களின் அறைகளிலிருந்து வீட்டுக்குள் வந்த வளர்ச்சியைப் பாடப்பகுதியின் வழித் தொகுத்து எழுதுக.